கோவிட் ஆன்டிபாடி டெஸ்ட்: கார்டு, கவச், அபாட், ரோஷ் – எதற்குக் காசு கொடுக்கலாம்?

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஆன்டிபாடி என்பது நோயை எதிர்த்து உடம்பு உண்டாக்குகிற புரதம்; நான் கையால் ஓட்டிப் பார்த்த கோவிட் ஆன்டிபாடி டெஸ்ட்களில் மனசுக்கு ஒப்பியது ரோஷ் கம்பெனியின் எலெக்ஸிஸ். அடுத்த இடம் நம் நாட்டு கவச் எலைசாவுக்கு (குழிகள் உள்ள ப்ளேட்டில் நிறம் மாறுவதை வைத்து ஆன்டிபாடியைக் கண்டுபிடிக்கிற முறை). அபாட் கம்பெனியுடையது நல்ல டெஸ்ட்தான், ஆனால் சீக்கிரம் மறந்துபோகிற டெஸ்ட். விரலில் குத்திப் பார்க்கிற ரேப்பிட் கார்டுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன். இந்த வரிசை மட்டும் போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கையில் ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருப்பவர்கள் மீதியையும் படித்துவிடுங்கள். ஏனென்றால் அதே ரோஷ் மெஷின், அதே ஆளின் ரத்தத்தைப் பார்த்து, ஒரே நாளில் 'நெகடிவ்' என்றும் 'பாசிடிவ்' என்றும் சொல்லும். இரண்டும் சரியாக இருக்கும்.

நான் லேப் டெக்னீஷியன் படிப்பான டிஎம்எல்டி படித்துவிட்டு மதுரையில் ஒரு தனியார் லேபில் வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது அங்கேயே ஆன்டிபாடி டெஸ்ட்கள் நடக்கிற சீராலஜி பகுதியைக் கவனித்துக்கொள்கிறேன். டைஃபாய்டு, டெங்கு, சிக்குன்குனியா, தைராய்டு என்று வருஷமெல்லாம் சீரத்தோடு (ரத்தம் உறைந்தபின் பிரிகிற தெளிந்த நீர்) பழக்கம். கோவிட் வந்த பிறகு இந்த டெஸ்ட்களை வாங்கலாமா வேண்டாமா என்று முதலாளி என்னிடம்தான் கேட்டார். அதனால் கொஞ்சம் அக்கறையோடு ஒவ்வொன்றையும் நோண்டிப் பார்த்திருக்கிறேன்.

கார்டிலிருந்து தொடங்குகிறேன். 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து வோண்ட்ஃபோ, லிவ்சான் என்ற இரண்டு கம்பெனிகளின் ரேப்பிட் கிட்கள் லட்சக்கணக்கில் வந்திறங்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும். ராஜஸ்தான் அரசு சோதித்துப் பார்த்து, 5.4 சதவீதம்தான் சரியாக வருகிறது என்று கையை விரித்தது. ஏப்ரல் 21ஆம் தேதி, இரண்டு நாள் நிறுத்திவையுங்கள் என்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர். 27ஆம் தேதி திருப்பி அனுப்பிவிடச் சொல்லிவிட்டது. 245 ரூபாய்க்கு இறக்குமதியான கிட் 600 ரூபாய்க்குக் கைமாறிய கதை டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 400 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று ஆனது. தமிழ்நாடும் 600 ரூபாய் விலைக்குத்தான் ஆர்டர் கொடுத்திருந்தது.

அந்தக் கிட்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பாதிப் பழி, பயன்படுத்திய விதத்துக்கும் சேர வேண்டும் என்பது என் எண்ணம். ஆன்டிபாடி என்பது வைரஸ் நுழைந்த மறுநாளே ரத்தத்தில் வந்து நிற்கிற சரக்கு இல்லை. 2020 ஜூனில் காக்ரேன் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில் டெஸ்ட் செய்தால் நோயாளிகளில் 30 சதவீதம் பேரைத்தான் பிடிக்கிறது, இரண்டாவது வாரத்தில் 72, மூன்றாவது வாரத்தில் 91 என்று வந்தது. அதாவது காய்ச்சலோடு வந்து நிற்கிறவருக்கு இந்த டெஸ்ட் போட்டால், எவ்வளவு ஒசத்தியான மெஷினும் பாதிக்கு மேல் கோட்டை விடும். இன்றைக்கும் காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் 'ஆன்டிபாடி எடுத்துப் பாத்துரலாமா?' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், அதற்கு வைரஸையே தேடுகிற பிசிஆர் இருக்கிறது.

ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒரு விநியோகஸ்தர் எங்கள் லேபுக்கும் ஒரு கார்டு கிட்டைக் கொண்டுவந்தார். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. 'மேடம், 99 பர்சன்ட் அக்யூரசி, கண்ண மூடிக்கிட்டு எடுங்க' என்றார். எனக்குக் கண்ணைத் திறந்து பார்த்துத்தான் பழக்கம். எங்கள் டீப் ஃப்ரீசரில் 2019 டெங்கு சீசனில் எடுத்துவைத்த சீரம் கொஞ்சம் கிடந்தது. இந்த வைரஸ் நம் பக்கம் எட்டிப் பார்க்காத காலத்து ரத்தம். அதில் எது பாசிடிவ் காட்டினாலும் பொய். அதோடு, பிசிஆரில் பாசிடிவ் ஆகி, குணமாகி, ஒரு மாதம் தாண்டிய எங்கள் ஆட்கள் சிலருடைய சீரத்தையும் சேர்த்தேன். எல்லா ட்யூபிலும் நம்பர் மட்டும் ஒட்டி, எது யாருடையது என்று தெரியாத ஒரு தங்கச்சியிடம் கொடுத்து ஓட்டச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்களுக்கு ஜி கோடு (ஐஜிஜி வகை ஆன்டிபாடியைக் காட்டுவது) பளிச்சென்று வந்தது. வீட்டிலேயே லேசாக வந்துபோனவர்களுக்கு வந்ததும் வராததுமாக ஒரு நிழல். அதைக் கோடு என்பதா இல்லை என்பதா என்று ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு மூன்று பேர் வாதாடினோம். பழைய டெங்கு சீரம் சிலதிலும் எம் கோடு (ஐஜிஎம் வகையைக் காட்டுவது) எட்டிப் பார்த்தது. எனக்கு அதுவே போதும், கிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டெங்குவும் கோவிடும் இப்படி ஆள் மாறாட்டம் செய்வது எங்கள் ஃப்ரீசரில் மட்டும் நடந்த அதிசயம் இல்லை. 2020 தொடக்கத்தில் சிங்கப்பூரில் டெங்கு ரேப்பிட் டெஸ்டில் பாசிடிவ் காட்டிய இரண்டு பேருக்கு உண்மையில் இருந்தது கோவிட்.

கவச்சுக்கு வருகிறேன். புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் (என்ஐவி) 2020 மே மாதம் உருவாக்கி, சைடஸ் கெடிலா தயாரித்த எலைசா கிட் இது. வைரஸை வளர்த்து, செயலிழக்கச் செய்து, அதை முழுசாகவே ஆன்டிஜனாக, அதாவது ஆன்டிபாடி வந்து ஒட்டிக்கொள்கிற பொருளாக, பயன்படுத்தினார்கள். ஒரு ரன்னில் 90 சாம்பிள், இரண்டரை மணி நேரம். பெரிய மெஷின் தேவையில்லை, எலைசா ரீடரும் வாஷரும் உள்ள எந்த மாவட்ட லேபிலும் ஓட்டலாம். அந்த நேரத்தில் அது பெரிய விஷயம். பிறகு ஆய்விதழில் வந்த கணக்குப்படி சென்சிடிவிட்டி 92.37 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி 97.9 சதவீதம். முதல் எண், நோய் வந்துபோன நூறு பேரில் எத்தனை பேரைப் பிடிக்கிறது என்பது. இரண்டாவது, நோயே வராத நூறு பேரில் எத்தனை பேரைச் சரியாக 'இல்லை' என்கிறது என்பது.

கவச்சில் என் புகார் ஒன்றுதான். ப்ளேட் நிறைய சாம்பிள் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர் வருகிற லேபில், டெஸ்ட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கிற கன்ட்ரோல் வெல்களுக்கு (குழிகளுக்கு) போகிற செலவே கையைக் கடிக்கும். அதனால் சாம்பிளைச் சேர்த்துவைத்து ஓட்டுவோம், ரிப்போர்ட் தள்ளிப்போகும், கஸ்டமர் போனில் கத்துவார். வாஷும் கவனமாகப் பண்ண வேண்டும். சரியாகக் கழுவவில்லையென்றால் நெகடிவ் வெல்லும் மஞ்சளடித்து நிற்கும்.

97.9 என்றதும் 'அடடா, கிட்டத்தட்ட நூறுதானே' என்று தோன்றும். இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். ஆயிரம் பேர் இருக்கிற ஓர் ஊரில் பத்தே பேருக்குத்தான் கோவிட் வந்துபோயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தில் ஒன்பதை கவச் பிடித்துவிடும். மீதி 990 பேரில் 2.1 சதவீதம், அதாவது 21 பேரையும் பாசிடிவ் என்று சொல்லும். ஆக 30 பாசிடிவ் ரிப்போர்ட்டில் உண்மையானவை 9. இப்போது அதே கிட்டை 2020 ஜூலையில் சென்னைக்குக் கொண்டுபோனதாக நினைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சிக்காக அப்போது எடுத்த ஆய்வில் 12,405 பேரில் 21.5 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. அந்த விகிதத்தில் ஆயிரம் பேரை எடுத்தால் உண்மைப் பாசிடிவ் 198 பக்கம் வரும், பொய் 16 அல்லது 17. கிட் அதேதான், ப்ளேட் அதேதான், ஓட்டுகிற கையும் அதேதான். ரிப்போர்ட்டின் மதிப்பு மட்டும் தலைகீழாக மாறிவிட்டது.

ஐசிஎம்ஆருக்கு இது தெரியாமல் இல்லை. 2020 மே–ஜூனில் நடந்த முதல் தேசிய ஆய்வில், கவச்சில் பாசிடிவ் வந்த ஒவ்வொரு சாம்பிளையும் யூரோஇம்யூன் என்ற இன்னொரு எலைசாவிலும் போட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் நாட்டில் 0.73 சதவீதம் பேருக்கு வந்துபோயிருக்கிறது என்று அறிவித்தார்கள். தனியார் லேபில் யார் அப்படி இரண்டு தடவை போடுகிறார்கள்? நாங்களும் போடவில்லை.

இனி பெரிய மெஷின்கள். அபாட் ஆர்கிடெக்ட், ரோஷ் எலெக்ஸிஸ் இரண்டுமே பெட்டியில் 100 சதவீதம் என்று போட்டுக்கொண்டு வந்தவை. அறிகுறி தொடங்கியோ, பிசிஆர் பாசிடிவ் ஆகியோ 14 நாள் கடந்தவர்களில் 100 சதவீதம் பேரைப் பிடிக்கும் என்று. கிட்டோடு வருகிற துண்டுச்சீட்டைப் பிரித்து எழுத்தெண்ணிப் படித்தால், அபாட் அந்த நூறை 88 சாம்பிளில் எடுத்திருக்கிறது, ரோஷ் 29 சாம்பிளில். 29க்கு 29 என்பது நூறு சதவீதம்தான், பொய்யில்லை. ஆனால் அவ்வளவு குறைந்த சாம்பிளில் வந்த நூறு, உண்மையில் 88 வரைக்கும்கூட இறங்கியிருக்கலாம் என்பது புள்ளியியல். 'நூறு பர்சன்ட்' என்று விற்க வருகிறவரிடம் நான் இப்போதெல்லாம் கேட்கிற முதல் கேள்வி, 'எத்தனை பேருல?'

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஒப்பீடு ஆக்ஸ்போர்டில் நடந்தது. நான் ஃப்ரீசரைக் கிளறிச் செய்ததையே அவர்கள் முறையாக, பெரிய அளவில் செய்தார்கள். கோவிடுக்கு முந்தைய காலத்து ரத்தம் 976, நோய் உறுதியானவர்களில், அறிகுறி தொடங்கி 20 நாளாவது கடந்தவர்களின் ரத்தம் 536. அதையே ஐந்து டெஸ்ட்களிலும் ஓட்டினார்கள். அபாட் 92.7 சதவீதம் பிடித்தது. டையாசோரின் லையசான் 96.2, ரோஷ் 97.2, சீமென்ஸ் அடெல்லிக்கா 98.1, ஆக்ஸ்போர்டின் சொந்த எலைசா 99.1. நோய் வராதவர்களைச் சரியாக விலக்குவதில் அபாட்டும் சீமென்ஸும் 99.9, ரோஷ் 99.8, ஆக்ஸ்போர்டு எலைசா 99.0, டையாசோரின் 98.9. இப்படி ஒரே ரத்தத்தில் போட்டால்தான் ஒப்பீடு. ஆளுக்கொரு ரத்தத்தில் எடுத்த மார்க்கை வைத்துக்கொண்டு ரேங்க் போட முடியாது.

சீமென்ஸை நான் ஓட்டியதில்லை, அதனால் என் வரிசையில் அது இல்லை. ரோஷை முதலில் வைத்ததற்கு வேறு காரணமும் உண்டு. தைராய்டு போடுகிற அதே கோபாஸ் மெஷினில் ஓடும், 18 நிமிஷத்தில் ரிசல்ட், ஒரே ஒரு சாம்பிள் வந்தாலும் ஏற்றிவிடலாம். அதைவிட முக்கியமானது, அது மறப்பதில்லை. 2020 நடுவில் கோவிட் வந்த எங்கள் கலெக்ஷன் பையன் ஒருவனுக்கு அபாட்டில் முதலில் நல்ல பாசிடிவ். மாதங்கள் போகப்போக ரிப்போர்ட்டில் வருகிற இன்டெக்ஸ் எண் இறங்கி, பாசிடிவுக்கான எல்லையான 1.4 என்ற கட்ஆஃபுக்குக் கீழே போய் நெகடிவ் ஆகிவிட்டது. ரோஷில் அதே ஆள் பாசிடிவாகவே நின்றான். வெளிநாட்டு ஆய்வுகளிலும் இதே கதைதான் வந்தது. அபாட் பார்ப்பது ஐஜிஜி மட்டும். ரோஷ் இரண்டு பக்கமும் ஆன்டிஜனை வைத்து நடுவில் ஆன்டிபாடியைப் பிடிக்கிற முறை, எந்த வகை ஆன்டிபாடியானாலும் சிக்கும். நாளாக ஆக ஆன்டிபாடியின் அளவு குறைந்தாலும் ஆன்டிஜனோடு அதன் பிடிமானம் கூடும், அதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டு ஆய்வையே பாருங்கள். 2020 அக்டோபர்–நவம்பரில் ஆன்டிபாடி இருந்தவர்கள் 31 சதவீதம், 2021 ஏப்ரலில் 23 சதவீதம், ஜூன்–ஜூலையில் 66 சதவீதம். ஒரு தடவை நோய் வந்தவர் வராதவராக மாற முடியாது, பிறகு 31 எப்படி 23 ஆகும்? ஆன்டிபாடி குறைந்தது பாதி, குறைந்ததைப் பார்க்க முடியாத கிட் பாதி என்பது என் கணிப்பு.

இப்போது முதலில் சொன்ன புதிருக்கு வருகிறேன். 2021 ஜனவரியில் தடுப்பூசி வந்தபோது லேப் ஆட்கள் என்பதால் எங்களுக்கு முதலிலேயே கிடைத்தது. கோவிஷீல்டு இரண்டு டோஸும் போட்டுவிட்டு, ரத்தம் எடுக்கிற தங்கச்சி ஒருத்தி ஆசையாக எலெக்ஸிஸில் போட்டுப் பார்த்தாள். நெகடிவ். 'அக்கா, ஊசி எனக்குப் பிடிக்கவே இல்லியா? தண்ணிய கிண்ணியப் போட்டுட்டாங்களா?' என்று முகம் வாடிவிட்டது.

பலாப்பழத்துக்கு வெளியே முள், உள்ளே சுளை என்று இருக்கிற மாதிரி, இந்த வைரஸுக்கு வெளியே ஸ்பைக் புரதம், உள்ளே நியூக்ளியோகேப்சிட் புரதம். சுருக்கமாக 'எஸ்', 'என்'. கோவிஷீல்டு உடம்புக்குக் காட்டிக்கொடுப்பது எஸ் மட்டும். முதலில் வந்த எலெக்ஸிஸும், முதலில் வந்த அபாட்டும் பார்ப்பது 'என்' மட்டும். கோவிஷீல்டு போட்டவருக்கு 'என்' டெஸ்ட் நெகடிவ் வந்தால், அவருக்கு இதுவரை கோவிட் வந்திருக்க வாய்ப்பு குறைவு என்றுதான் பொருள். ஊசியைப் பற்றி அந்த டெஸ்ட் எதுவுமே சொல்லாது. அந்தத் தங்கச்சிக்கே ரோஷின் எஸ் டெஸ்டைப் போட்டோம், 250க்கு மேல் என்று வந்தது. கோவேக்சின் முழு வைரஸைச் செயலிழக்கவைத்துச் செய்தது என்பதால் அதைப் போட்டவர்களுக்கு 'என்' டெஸ்டும் பாசிடிவ் ஆகலாம். அப்போது நோய் வந்ததா, ஊசி வேலையா என்று பிரிக்க முடியாது.

இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை பேர் எத்தனை பணத்தை விட்டார்கள்! 2021 மே மாதம் லக்னோவில் ஒருவர் ஊசி போட்டும் ஆன்டிபாடி வரவில்லை என்று போலீஸ் வரைக்கும் போனார். அதே மாதம்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, தடுப்பூசிக்குப் பிறகு எதிர்ப்புசக்தியை அளக்க ஆன்டிபாடி டெஸ்டைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொன்னது. இங்கே லேப்கள் 'வேக்சின் வேலை செய்கிறதா? இன்றே தெரிந்துகொள்ளுங்கள்' என்று பேனர் கட்டிக்கொண்டிருந்தன. கேட்டால் 'என்' டெஸ்டா 'எஸ்' டெஸ்டா என்று கவுன்டரில் இருக்கிற பெண்ணுக்குத் தெரியாது. நம் நாட்டு ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ 2021இல் கொண்டுவந்த டிப்கோவான் கிட் இரண்டையும் பார்க்கும், விலையும் ஒரு டெஸ்டுக்கு 75 ரூபாய் அளவில்தான் என்றார்கள். எங்கள் பக்கம் அது கைக்கு வரவே இல்லை.

எஸ் டெஸ்டில் எண் வருவதால் இன்னொரு தலைவலி. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும் அவர் வீட்டம்மாவும் இரண்டு ரிப்போர்ட்டோடு வந்தார்கள். அவருடையது எங்கள் லேபில் எடுத்தது, அம்மாவுடையது வேறு லேபில்.

'ஏம்மா, எனக்கு நூறு, இவளுக்கு எழுநூறு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே எடத்துலதான ஊசி போட்டோம்?'

'அப்பவே சொன்னேன், நேரத்துக்குச் சாப்பிடுங்கன்னு. கேட்டாத்தான?' என்றார் அந்தம்மா, கொஞ்சம் பெருமையாகவே.

ரோஷில் கட்ஆஃப் 0.8 யூனிட். அந்தம்மா எடுத்த அபாட் குவான்ட் டெஸ்டில் கட்ஆஃப் 50. அளவுகோலே வேறு. உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் ஒரு பொதுத் தரத்தைக் கொண்டுவந்தது, அதற்கு மாற்ற அபாட் எண்ணை 0.142 ஆல் பெருக்க வேண்டும். 700 பெருக்கினால் 99 சொச்சம். ரோஷ் எண் கிட்டத்தட்ட அப்படியே அந்தத் தரத்துக்கு வந்துவிடும், 100 என்றால் 103 பக்கம். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றுதான். பேப்பரில் போட்டுக் காட்டியதும் வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்தம்மா நம்பினாரா என்பது சந்தேகம். மாற்றிய பிறகும் இந்த எண்களை நூலிழை பிடித்து ஒப்பிடக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு கிட்டும் ஆன்டிபாடியைப் பிடிக்கிற விதம் வேறு. தவிர, ரோஷில் சாம்பிளை நீர்க்கச் செய்யாமல் போட்டால் 250தான் உச்சம். 'எனக்கு 250, என் மச்சானுக்கும் 250' என்று வியப்பவர்கள் அதற்கு முன்னால் இருக்கிற 'மேல்' குறியைப் பார்க்கவில்லை.

இதெல்லாம் இருந்தும் ஆன்டிபாடி டெஸ்டால் நிஜமாகவே பலன் கிடைத்த இடத்தையும் பார்த்திருக்கிறேன். கோவிட் வந்து சில வாரம் கழித்துக் குழந்தைகளுக்குக் கடும் காய்ச்சலும் உடம்பெல்லாம் அழற்சியுமாக ஒரு நோய் வந்ததே, மிஸ்-சி, அப்போது பிசிஆர் பெரும்பாலும் நெகடிவாக இருக்கும். வீட்டில் யாருக்கும் கோவிட் வந்ததாகவே தெரியாது. டாக்டர்கள் அந்த நேரத்தில் கேட்டது ஆன்டிபாடி ரிப்போர்ட்டைத்தான், அதுவும் அவசரமாக. அப்போது 18 நிமிஷத்தின் அருமை தெரிந்தது.

இன்றைக்கு அந்தப் பயனும் தேய்ந்துவிட்டது. ஊசியோ நோயோ தொடாத ஆளைக் கண்டுபிடிப்பதே கஷ்டம் என்பதால், எஸ் டெஸ்ட் யாருக்குப் போட்டாலும் பாசிடிவ்தான். ஆனாலும் எங்கள் லேபின் முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் 'கோவிட் ஆன்டிபாடி' இன்னும் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி போடச் சொல்லியிருக்கிறேன். பிரசுரம் இன்னும் ஒரு கட்டு மிச்சமிருக்கிறதாம், தீரட்டும் என்கிறார் முதலாளி.